நிற்க வைக்கிற வேலை

எங்கள் ஊர்ப் போட்டோகிராபர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆண்டு மலர் போடப்போகிறார்களாம், பழைய ஆட்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். "பிலிம் காலத்துலேருந்து செல்போன் காலம் வரைக்கும் தொழில் எப்படி மாறிச்சுன்னு எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். காபி கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "தம்பி, எனக்குக் கேமராவைப் பத்தி ஒண்ணும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல ஸ்டூடியோவுல இருந்தேன். ஒரு நாள்கூட பட்டனை அமுக்கினதில்லை." இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைத்திருப்பார்கள்.

என் வேலை வேறு. படம் எடுக்க வந்தவர்களை நிற்க வைப்பது என் வேலை. சேலை மடிப்பை நீவி, தோளைத் திருப்பி, தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, இரண்டு பாதங்களையும் வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு வெளிச்சத்தை விட்டு விலகிவிடுவேன். மீதி நேரத்தில் நெகடிவுக்கு டச்சிங் போடுவேன், முகத்துப் பருவை அழிப்பேன். நிற்க வைத்ததைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "அதுல எழுத என்னக்கா இருக்கு, நிக்கறதுதானே" என்றார் அவர்களில் ஒருவர். கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டூடியோ மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. முதலாளி இப்ராகிம் பாய். பெண்களைப் படம் எடுக்கும்போது தாடையைத் தொட்டுத் திருப்ப ஆண்கள் கூடாது, ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அவருடைய பீவி சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைச் சேர்த்தார்கள். பத்தாவது முடித்து டைப்ரைட்டிங்கில் கோட்டைவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டில் சும்மா இருந்தேன். போட்டோ கடையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று தெருவே கேட்டது. அப்பா யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி தினமும் போய் வந்தேன்.

போன புதிதில் பாய் எனக்கு எதுவும் சொல்லித் தரவில்லை. லைட் ஸ்டாண்டை நகர்த்து, திரையை இறக்கு என்பதோடு சரி. ஒரு நாள் மத்தியானம் ஆளில்லாத நேரத்தில், "மல்லிகாம்மா, அங்க போய் நில்லு, அசையாம நில்லு" என்றார். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது நிற்பது போல விறைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஃபிளாஷ் கிடையாது. இரண்டு பக்கமும் பெரிய பல்புகள், நடுவில் மூன்று கால் வைத்த பெரிய மரக் கேமரா. மூடியைத் திறந்து, மனதுக்குள் ஒன்று எண்ணி, மூடினார். மறுநாள் பிரிண்ட் கொடுத்தார். என் செருப்பின் வார் துல்லியமாக இருந்தது. முகம் கலங்கியிருந்தது. மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"நான் ஆடவே இல்லை பாய்" என்றேன்.

"எல்லாரும் ஆடறாங்கம்மா. நிக்கறதுன்னாலே விழாம ஆடறதுதான். உனக்குப் பத்தொம்பது வயசு, உனக்கே இவ்வளவுன்னா, எழுபது வயசுக்காரரை எப்படி நிறுத்துவே?"

அதுதான் எனக்கு முதல் பாடம். அதற்கு அப்புறம் தெருவில், பஸ்ஸில், கோயிலில், எங்கே போனாலும் ஆட்கள் நிற்பதையே பார்த்துக்கொண்டிருப்பேன். தோழிகள் கிண்டல் செய்வார்கள், "இவ மாப்பிள்ளையைக்கூட கால்லேருந்துதான் பாப்பா" என்று. அப்படித்தான் பார்த்தேன். நல்ல பாதம் அவருக்கு.

சின்னப் பிள்ளைகள் நிற்கமாட்டார்கள், அவர்களைப் பேசவைத்துப் பிடிக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பெண் இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பாள், அப்படியும் விழமாட்டாள். பிள்ளை பெற்றவள் கையில் பிள்ளை இல்லாவிட்டாலும் ஒரு பக்க இடுப்பை ஒடித்துக்கொண்டு நிற்பாள். நாற்பது வயது ஆண் வயிற்றை உள்ளே இழுத்து மார்பை நிமிர்த்துவார், பாய் வேண்டுமென்றே தாமதம் செய்வார், மூச்சு முட்டி வயிறு வெளியே வந்ததும் எடுப்பார். ஐம்பதைத் தாண்டினால் வேட்டிக்கும் சேலைக்கும் கீழே பாதங்கள் மெதுவாக விலக ஆரம்பிக்கும். யாரும் தெரிந்து செய்வதில்லை. அப்புறம் முழங்கால் லேசாக மடியும். முதுகு வளைய, தலை உடம்பைவிட ஒரு சாண் முன்னால் வந்து நிற்கும். கடைசியில் கண் தரைக்குப் போய்விடும்.

பாய் யாரிடமும் "அசையாதீங்க" என்று சொல்லமாட்டார். அப்படிச் சொன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஆடுவார்களாம். "சிரிங்க" என்றும் சொல்லமாட்டார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்பார். நிற்பவர் யோசிக்கிற அந்த நொடியில் உடம்பு தளர்ந்து நிற்கும். அப்போது எடுத்துவிடுவார். அந்தப் பெரிய கேமராவின் கண்ணாடியில் ஆட்கள் தலைகீழாகத் தெரிவார்கள். அதனால் அவர் எப்போதும் பாதத்தைத்தான் முதலில் பார்ப்பார். மாடிப்படியில் ஆள் ஏறி வரும் சத்தத்தைக் கேட்டே எனக்கு வேலை சொல்வார். மாறி மாறிக் கால் வைத்து ஏறினால், "உனக்கு வேலை இல்ல." ஒவ்வொரு படியிலும் இரண்டு காலும் சேர்ந்து நின்று ஏறினால், "மல்லிகாம்மா, பின்னாடி போ."

பின்னாடி போவது என்றால், நிற்பவருக்குப் பின்னால் படத்தில் தெரியாமல் குனிந்து, முதுகில் ஒரு விரலை வைப்பது. பிடிக்கக் கூடாது. பிடித்தால் நம்மேல் சாய்ந்துவிடுவார்கள், படத்தில் சாய்ந்தது தெரியும். ஒரு விரல், அதுவும் அழுத்தாமல். யாரோ பின்னால் இருக்கிறார்கள் என்று உடம்புக்குத் தெரிந்தால் போதும், அது தானே நிதானித்துக்கொள்ளும். எங்கள் ஸ்டூடியோவில் பிளாஸ்டிக் பூ வைத்த உயரமான ஸ்டாண்ட் ஒன்று இருந்ததும் இதற்குத்தான். அழகுக்கு என்று எல்லாரும் நினைத்தார்கள். சும்மா அதன்மேல் ஒரு விரலை வைத்துக்கொள்ளச் சொல்வார் பாய்.

ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர், சதாபிஷேகப் படம் எடுக்க வந்தவர், இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "நான் நன்னாத்தானே நிக்கறேன். நீ எதுக்கு என்னைத் தொட்டுண்டே இருக்கே?" என்றார். விரலை எடுத்தேன். அப்படியே பின்னால் போய், நாற்காலியில் இருந்த மாமாவின் மடியில் உட்கார்ந்துவிட்டார். மாமா அசராமல், "அறுபது வருஷமா கேட்டிண்டிருந்தேன், இன்னிக்குத்தான் வந்திருக்கா" என்றார். பாய் துணிக்குள்ளேயே சிரித்தார். மாமி அன்று முழுக்க மாமாவிடம் பேசவில்லை.

இனி செல்லம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான் என்றுகூடச் சொல்வேன்.

முசிறிப் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருந்த குடும்பம். கணவர் ரெங்கசாமி. ஒரே மகன் தங்கராசு, சிங்கப்பூரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். திரும்பிப் போகிற அன்று ஏர்போர்ட்டுக்குப் போகும் முன்னால் குடும்பமாக எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அது அவர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பெட்டியெல்லாம் மாடிப்படியிலேயே கிடக்கும். படத்தில் ஒரு காப்பி வீட்டுக்கு, ஒரு காப்பி தபாலில் சிங்கப்பூருக்கு.

அப்பா நாற்காலியில் உட்காருவார், அம்மா அவருக்கு வலது பக்கம் நிற்பார், மகன் இடது பக்கம். எல்லா ஊரிலும் எல்லா ஸ்டூடியோவிலும் அப்படித்தான். புருஷன் உட்காருவதும் பெண்டாட்டி நிற்பதும் யார் போட்ட சட்டமோ தெரியவில்லை. நான் பார்த்த ஆயிரம் ஜோடிகளில் களைத்துப்போய் வந்தவர்கள் எல்லாம் பெண்கள்தான், உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஆண்கள்தான்.

முதல் முறை வந்தபோது செல்லம்மாளுக்கு ஐம்பது இருக்கும். நல்ல உயரம், வாழைமரம் மாதிரி நேராக நின்றார். தலை மட்டும் குனிந்தே இருந்தது. கேமராவைப் பார்க்க வெட்கம். "நிமிர்ந்து பாருங்கம்மா, கேமரா கடிக்காது" என்று தாடையைத் தூக்கினேன். முகம் சிவந்துவிட்டது. மகன் சிரித்தார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவரைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, இடைவெளி விட்டுப் பார்க்கிறவளுக்குத் தெரியும். ஒரு முறை வந்தபோது பாதங்கள் விலகியிருந்தன. அடுத்த முறை வலது காலில் மட்டும் பாரத்தைப் போட்டு நின்றார். பிறகு ஒரு முறை கணவர் நாற்காலியின் முதுகில் கை வைத்தார், அதுவரை வைத்ததில்லை. மகனுக்குக் கல்யாணம் ஆகி, மருமகளும் பேத்தியும் படத்துக்குள் வந்தார்கள். மருமகள் முசிறியில் மாமியார் வீட்டில் இருந்தாள், மகன் சிங்கப்பூரில். செல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு முறையும், "இன்னும் என்னம்மா வெட்கம், பேத்தி எடுத்தாச்சு" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்துக்கொண்டு நிமிர்வார், படம் எடுத்த உடனே தலை திரும்பக் கீழே போய்விடும்.

அது வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது கடைசி முறை வந்தபோதுதான்.

அன்று மகன் வரவில்லை, மருமகளும் வரவில்லை. கிழவரும் கிழவியும் மட்டும் வந்தார்கள். முதலில் படியில் சத்தம் கேட்டது. ஒரு கால், இன்னொரு கால், நிற்பது. பிறகு அடுத்த படி. பாய் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார். அவருக்கும் அப்போது வயதாகிவிட்டது, ஆனாலும் எழுந்து போய் வாசலில் நின்றார்.

செல்லம்மாள் பாதி ஆளாகியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கி முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், நான் நின்னு எடுக்கணும். எப்பவும் எடுப்பமே, அது மாதிரி."

"ஏம்மா, சௌகரியமா உக்காருங்களேன்" என்றார் பாய்.

"உக்காந்தா காரியம் கெட்டுடும்."

ரெங்கசாமி விளக்கினார். செல்லம்மாள் தோட்டத்து வாய்க்கால் வரப்பில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். அது மகன் காதுக்குப் போய்விட்டது. சிங்கப்பூரில் அவருக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அப்போதுதான் அனுமதி கிடைத்திருந்தது. அம்மாவுக்கு முடியவில்லை என்றால் மனைவியையும் பிள்ளையையும் கூப்பிடமாட்டேன், அவர்கள் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று போனில் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று செல்லம்மாள் சாதித்திருக்கிறார். அப்படியானால் எப்போதும் போல நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்று மகன் சொல்லிவிட்டார்.

"கல்யாணம் ஆகி பத்து வருசமாச்சு" என்றார் செல்லம்மாள். "லீவுக்கு லீவுதான் புருசனைப் பாக்குது அந்தப் புள்ள. ராத்திரி படுத்துக்கிட்டு அழுவுறது எனக்குக் கேக்காதா? நான் விழுந்தா விழுந்துட்டுப் போறேன். அது புருசன்கிட்டப் போய்ச் சேரட்டும்."

ரெங்கசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏறக்குறைய இருபது வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு முன்னால் அவர் வாயிலிருந்து பத்து வார்த்தை கேட்டதில்லை. அன்று நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நீ உக்காரு. நான் நிக்கிறேன். என்னை நிக்க வச்சு எடுத்து அனுப்பு, அவனுக்கு என்ன தெரியப் போவுது" என்றார்.

"அவன் உங்களையா நிக்கச் சொன்னான்?" என்று அதட்டினார் செல்லம்மாள். "பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார்.

பாய் செல்லம்மாளை நாற்காலிக்கு வலது பக்கம் கூட்டிவந்து நிறுத்தினார். நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொள்ளச் சொன்னார். தரையைப் பார்த்தபடி செல்லம்மாள் நின்றார். பரவாயில்லையே, நன்றாகத்தானே நிற்கிறார் என்று நினைத்தேன். "இப்ப நிமிர்ந்து பாருங்கம்மா" என்றார் பாய். தலையைத் தூக்கினாரோ இல்லையோ, குதிகாலில் பாரம் போய், கதவு சாய்வது போல அப்படியே பின்னால் சாய்ந்தார். ஓடிப்போய்த் தாங்கினேன். திரும்ப நிறுத்தினோம். தரையைப் பார்க்கும்வரை நின்றார். தாடை நிமிர்ந்தால் போயிற்று. விரலை வைத்துப் பார்த்தேன். விரல் எல்லாம் எந்த மூலைக்கு? அவருடைய கண்தான் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. தரையை விட்டுக் கண்ணை எடுத்தால் உடம்புக்கு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை.

இத்தனை வருடம் இவரையா வெட்கம் வெட்கம் என்று கேலி செய்தோம்! எப்போது வெட்கம் முடிந்து இது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்க்கிறேன், இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமோ என்னவோ.

பாய் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டு நின்றார். அதற்குள் ஃபிளாஷ் வந்துவிட்டது, நொடியில் படம் விழுந்துவிடும். ஆனால் அந்த நொடி அவர் நிமிர்ந்து நிற்க வேண்டுமே. கடைசியில் கறுப்புத் திரையை இறக்கினார். மரக் கேமராவின் கறுப்புத் துணியை உருவி என்னிடம் போட்டார்.

"மல்லிகாம்மா, இதைப் போர்த்திக்கிட்டு அம்மாவுக்குப் பின்னாடி முட்டி போடு. இன்னிக்கு விரல் வேணாம். கையால பிடி."

"பிடிக்கக் கூடாதும்பீங்களே பாய்."

"இன்னிக்குப் பிடி."

அப்போதே நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பேன். அந்தக் குச்சி உடம்புக்குப் பின்னால் நான் எங்கே ஒளிவது? கறுப்புத் திரைக்கு முன்னால் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, பாதி நாற்காலிக்குப் பின்னால், பாதி அவருக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்தேன். பாயின் ஹேர் ஆயில் வாசனையும் பழைய புழுக்கமும் அந்தத் துணியில் இருந்தன. இடது கையை மட்டும் வெளியே நீட்டி, முந்தானைக்கு உள்ளே, இடுப்புக்கு மேல் முதுகெலும்பில் உள்ளங்கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். துணிக்குள்ளிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையில்தான் எல்லாம் தெரிந்தது. முன்னால் போகிறார், பின்னால் வருகிறார், மறுபடி முன்னால். உடம்புக்குள் ஒரு நடுக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நிமிருங்கம்மா" என்று பாயின் குரல்.

மொத்த உடம்பும் என் கைக்கு வந்தது. பாரம் என்று ஒன்றுமே இல்லை. மேலேயிருந்து சின்னக் குரலில், "விட்டுறாத தாயி" என்றார்.

"விடமாட்டேம்மா. நீங்க மகனைப் பாருங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. கேமராவைப் பாருங்கள் என்றுதான் சொல்ல வந்தேன். பாய் ஊர் பஸ்ஸைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை. ஃபிளாஷ் அடித்தது துணிக்குள் எனக்கே தெரிந்தது. "இன்னொண்ணு" என்றார். "இன்னொண்ணு." மூன்றாவதுக்குப் பிறகு பேச்சே இல்லை. துணியை விலக்கிப் பார்த்தால் பாய் அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

படம் நன்றாக வந்தது. நன்றாக என்றால், அவ்வளவு நன்றாக. இருபது வருடத்தில் செல்லம்மாள் நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிற ஒரே படம் அதுதான். மற்ற எல்லாவற்றிலும் பாதிக் கண்ணுக்குத்தான் கேமரா. இதில் முழுக் கண். மகனைப் பார்ப்பது போலவே பார்த்தார். தபாலில் போயிற்று. அடுத்த சில மாதத்தில் மருமகளும் பேத்தியும் ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில் பாய்க்கு ஒரு தார் ரஸ்தாளி கொடுத்துவிட்டுப் போனார்கள். செல்லம்மாள் கூட வரவில்லை. படி ஏற முடியாது, கீழே வேனில் இருக்கிறார் என்றார்கள். நான் இறங்கிப் போய்ப் பார்ப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

இப்போது எனக்கே அறுபத்தைந்து தாண்டிவிட்டது. உள்பாவாடையில் கால் நுழைக்கச் சுவரைப் பிடிக்கிறேன். அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறையில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். எதிரே வருகிறவர் யார் என்று பார்க்க நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது, நடந்துகொண்டே தலையைத் தூக்கினால் கிறுகிறுக்கிறது. தெரிந்தவர்கள், "என்ன மாமி, பாக்காமலே போறேளே" என்று குறைப்படுகிறார்கள். இதெல்லாம் வரும் என்று தெரிந்த வேலையில் இருந்தவள் நான், அதனால் பயம் ஒன்றும் இல்லை. ஏக்கம் உண்டு. ஸ்டூடியோமேல் இல்லை, அது போனால் போகட்டும், அந்த மாடிப்படி ஒரு கொலைகாரப் படி. என் கைக்குத்தான் ஏக்கம். எத்தனை முதுகு, எத்தனை தோள், எத்தனை தாடை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது என் கையில் நின்றுவிட்டுப் போவார்கள். இப்போது பெண் பெங்களூரில், வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாயிற்று, நாள் முழுக்க நான் தொடுவது பாத்திரங்களைத்தான். உடம்புச் சூடு என்று ஒன்று உள்ளங்கைக்குக் கிடைத்து எத்தனையோ நாளாகிறது. மலரில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிட்டேன்.

செல்லம்மாள் அடுத்த வருடமே இறந்துபோனார். மகனுக்கு லீவு வரும் முன்பே. விழுந்து சாகவில்லை, தூக்கத்தில் போனார். மகன் பிளேன் பிடித்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். இதெல்லாம் மகனே என்னிடம் சொன்னது. முதல் வருஷத் திதிக்கு ஊருக்கு வந்தவர், அந்தப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் தனியாகப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்று ஸ்டூடியோவுக்கு வந்தார். பாய் அப்போது படுத்த படுக்கை, கடைக்கு வருவதில்லை. கம்ப்யூட்டர் வந்திருந்தது. டச்சிங் போட்ட கை என்பதால் அதையும் நானே கற்றுக்கொண்டு பார்த்துவந்தேன்.

நெகடிவைத் தேடி எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். தங்கராசு பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலையில் பாதி நரைத்திருந்தது. ரெங்கசாமியை நறுக்கிவிட்டு அம்மாவைப் பெரிதாக்கினேன். முகம், கழுத்து, தோள். இடுப்புப் பக்கம் வந்ததும் எனக்குத் திக்கென்றது. சின்னப் படத்தில் தெரியாதது இப்போது தெரிந்தது. முந்தானை ஓரத்தில் என் விரல்கள், நகத்தோடு.

சட்டென்று படத்தை மேலே தள்ளினேன். அவர் பார்த்துவிட்டார்.

"அது என்னக்கா?"

"எது? சேலை மடிப்புப்பா."

"மடிப்புக்கு நகம் இருக்குமாக்கா?"

மறைக்க முடியவில்லை. இறந்தவர் என்னிடம் விட்டுப்போன ரகசியத்தைச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் தவித்தேன். சொன்னேன். செல்லம்மாள் நிமிர்ந்தால் விழுந்ததை, அப்பா எழுந்து நின்றதை, மருமகள் அழுதது அம்மாவுக்குக் கேட்டதை, நான் கறுப்புத் துணிக்குள் முட்டி போட்டதை, எல்லாவற்றையும் சொன்னேன். தங்கராசு கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"நான்தான் கேட்டேன் அந்த போட்டோவை" என்றார். "வந்ததும் ரூம்ல எல்லார்கிட்டயும் காட்டுனேன். பாருங்கடா, எங்கம்மா எப்படி நிக்குதுன்னு. சும்மா பயமுறுத்தியிருக்காங்கன்னு சிரிச்சேன்."

"உங்க குடும்பம் ஒண்ணா இருக்கணும்னு செஞ்சாங்க. அது நடந்துடுச்சில்ல தம்பி."

"நடந்துச்சு. அந்தப் புள்ள இப்ப நல்லாயிருக்கு" என்றார். மனைவியை அம்மா சொன்னது போலவே 'அந்தப் புள்ள' என்றார். பிறகு சொன்னார்: "கடைசி வரைக்கும் அப்பாதான் அம்மா பின்னாடியே நடந்துக்கிட்டு இருந்தாராம். வயசான காலத்துல இதென்ன கூத்துன்னு ஊர்ல சிரிச்சாங்களாம்."

விரலை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். ஒரு நிமிட வேலைதான். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று தலையாட்டினார். பிரிண்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, பிடிச்சப்ப அம்மா எப்படி இருந்தாங்க?"

"எப்படின்னா?"

"கடைசியா நான் லீவுக்கு வந்தப்பகூட தூரத்துலேருந்து கையாட்டிட்டுத்தான் போனேன். பெரிய ஆளாயிட்டோம்னு அம்மாவை எல்லாம் தொடறதே இல்ல. கனமா இருந்தாங்களா?"

"இல்லப்பா. கனமே இல்ல. வேர்த்திருந்துச்சு. நடுங்கிக்கிட்டே இருந்தாங்க. நிமிர்ந்து உன்னைப் பாக்கறப்ப மட்டும் ஒரு நிமிஷம் நடுக்கம் நின்னுச்சு."

அவர் எழுந்தார். படம் எடுக்கிற கறுப்புத் திரைக்கு முன்னால் போய், நாற்காலிக்கு வலது பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எந்த இடத்துல வச்சிருந்தீங்க?"

நான் போய் அவருக்குப் பின்னால் நின்று, இடுப்புக்கு மேல், முதுகெலும்பில் இடது உள்ளங்கையை வைத்தேன். சட்டை ஈரமாக இருந்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. படியில் யாரோ ஏறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் இறங்கிப் போனார்கள். கை வலித்தது.

"போதுமா தம்பி?" என்று கேட்டேன்.

"இன்னும் கொஞ்ச நேரம் எடுக்காதீங்கக்கா" என்றார்.